ஏசியா, ஹீட் பம்ப்பா: கொங்கு நாட்டில் எங்கே எது பொருந்தும், எப்படி வாங்கிப் பொருத்துவது

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஈரோடு, கரூர், திருப்பூர், நாமக்கல், கோவை என்று சமவெளியில் வீடு இருந்தால் அறைக்குச் சாதாரண இன்வெர்ட்டர் ஏசி (கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வகை) போதும். அறையைச் சூடாக்கவும் செய்கிற ஹீட் பம்ப் ஏசிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பயன்படாமல் சுவரில் தொங்கும். ஏற்காடு, வால்பாறை, கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று மலையேறினால் கணக்கு மாறும். அங்கே ஹீட் பம்ப் ஏசி, ரூம் ஹீட்டர் இழுக்கும் கரண்டில் பாதியோ அதற்கும் குறைவாகவோ எடுத்துக்கொண்டு அதே சூட்டைத் தரும். சமவெளியிலும் ஹீட் பம்ப்புக்கு ஒரு வேலை இருக்கிறது, வெந்நீர். அதைக் கடைசியில் பார்ப்போம்.

உள்ளே இருக்கும் வித்தியாசம்

கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறது. ஏசியும் அப்படித்தான்: அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. ஏசிக்குள் சுற்றிவரும் கேஸைக் கம்ப்ரசர் அழுத்திச் சூடாக்கும். வெளியே உள்ள காயிலில் அந்தச் சூடு இறங்கி கேஸ் திரவமாகும். பிறகு கேபிலரி என்ற மெல்லிய குழாய் அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வு வழியே பாயும்போது அழுத்தம் குறைந்து சில்லிட்டுப் போகும். உள் காயிலில் அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கேஸாகிக் கம்ப்ரசருக்குத் திரும்பும்.

ஹீட் பம்ப் ஏசியிலும் இதே பாகங்கள்தான். கூடுதலாக ஒரு நான்கு வழி வால்வு இருக்கும். அது கேஸ் ஓடும் திசையைத் திருப்பிவிட்டால் வெளிக்காயில் சில்லிட்டு வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும், உள் காயில் சூடாகும். வெளியே 7 டிகிரி இருந்தாலும் அந்தக் காற்றில் வெப்பம் உண்டு. காயில் அதைவிடக் குளிர்ந்திருந்தால் போதும், வெப்பம் காயிலுக்குள் வந்துவிடும்.

ஒரு யூனிட் கரண்டில் எத்தனை யூனிட் வெப்பம் நகர்கிறது என்பதைத்தான் சிஓபி என்கிறார்கள். கம்பிச்சுருள் உள்ள ஹீட்டருக்கு அது எப்போதும் 1. ஹீட் பம்ப்புக்கு வெளிவெப்பநிலையைப் பொறுத்து 2 முதல் 4 வரை வரும். வெளியே குளிர் கூடக் கூட இது இறங்கும்.

குளிர்ச்சியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றேதான். 'ஹீட் பம்ப் என்பதால் கோடையிலும் கரண்ட் மிச்சமாகும்' என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். நான்கு வழி வால்வில் கேஸ் கொஞ்சம் அழுத்தம் இழக்கிறது. அதனால் குளிர்ச்சியில் ஹீட் பம்ப் மயிரிழை பின்தங்கும் என்பதுதான் உண்மை. அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுரைகளில் ஹீட் பம்ப்பை ஆகா ஓகோ என்று புகழ்வதற்குக் காரணம் அவர்களுடைய குளிர்காலம். அங்கே ஆறு மாதம் வீட்டைச் சூடாக்க எரிக்கும் கேஸையும் எண்ணெயையும் அது மிச்சம் பிடிக்கிறது. கோவையில் மார்கழி இரவில் வெளியே 17, 18 டிகிரிக்கு இறங்கினாலும், பகலெல்லாம் வெயில் குடித்த தார்சு (காங்கிரீட் தளம்) வீட்டின் அறைக்குள் அவ்வளவு குளிர் வருவதில்லை. ஒரு போர்வையோடு முடிகிற விஷயம்.

பழைய ஏசியில் நான்கு வழி வால்வு பொருத்தி ஹீட் பம்ப் ஆக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். வால்வு மட்டும் போதாது. பனி உருக்கும் சென்சார், அதற்கான போர்டு, திரும்பு திசைக்கான கேபிலரி, திரவம் கம்ப்ரசருக்குள் போகாமல் தடுக்கும் அக்யுமுலேட்டர் எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் ஓட்டினால் முதலில் போவது கம்ப்ரசர்.

படி 1: எத்தனை டன் என்று கணக்கிடுவது

1 டன் என்பது மணிக்கு 12,000 பிடியு, அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். கீழ்த்தளத்தில் 10 அடி உயரக் கூரை உள்ள 120 சதுர அடி அறைக்கு 1 டன், 180 சதுர அடி வரை 1.5 டன் என்பது பொதுக் கணக்கு. இதோடு கீழே உள்ளவற்றைக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறை என்றால் அரை டன் கூட்டுங்கள். அல்லது மாடித் தளத்தில் வெள்ளைக் கூல் ரூஃப் டைலோ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயின்ட்டோ போட்டுவிட்டு அந்த அரை டன்னைக் கழித்துவிடுங்கள். இரண்டாவதுதான் நல்ல வழி. கரூர், ஈரோடு பக்கம் சித்திரையில் 40 டிகிரி தொடும் நாளில், காங்கிரீட் தளம் ராத்திரி பதினொரு மணிக்கும் உள்ளே வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்காமல் ஏசியை மட்டும் பெரிதாக்கினால், வருகிற வெப்பத்தை விரட்ட ஆண்டாண்டுக்கும் கரண்ட் பில் கட்ட வேண்டியிருக்கும். மேற்கு பார்த்த சுவரும் ஜன்னலும் இருந்தால் வெளியே சன்ஷேடோ மூங்கில் தட்டியோ போட வேண்டும். உள்ளே திரை போட்டால் பாதிப் பலன்தான், வெப்பம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதே.

ஓட்டு வீட்டில் ஏசி போட நினைப்பவர்கள் முதலில் ஓட்டுக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு இடுக்குகளை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை டன் வைத்தாலும் குளிர் தங்காது.

தேவைக்கு மேல் பெரிய ஏசியும் கெடுதல்தான். அறை சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், காற்றின் ஈரம் வெளியேறாது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்தில் இது நன்றாகத் தெரியும்: அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும்.

படி 2: மஞ்சள் லேபிளைப் படிப்பது

ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். லேபிளில் ஐஎஸ்இஇஆர் என்ற எண்ணும் (செலவாகும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி என்பதன் ஆண்டுச் சராசரி), ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதும் இருக்கும். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்து, 24 முதல் 43 டிகிரி வரையான வெளிவெப்பநிலைகளுக்கு அதைக் கணக்கிடுகிறார்கள். ஸ்டார் அட்டவணையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்குவதால் பழைய 5 ஸ்டார் புதிய 4 ஸ்டாராகவோ 3 ஸ்டாராகவோ இருக்கலாம். லேபிளில் அச்சிட்டுள்ள காலத்தைப் பாருங்கள். கடையில் பழைய சரக்குக்குத் தள்ளுபடி கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு மாதிரிக் கணக்கு: ஒரு 3 ஸ்டார் லேபிளில் 960 யூனிட், ஒரு 5 ஸ்டார் லேபிளில் 760 யூனிட் என்று இருக்கிறது. வித்தியாசம் 200 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,600 ரூபாய். விலை வித்தியாசம் 8,000 ரூபாய் என்றால் ஐந்து ஆண்டில் திரும்ப வரும். ஆனால் பங்குனி, சித்திரை, வைகாசி மட்டும் ராத்திரி ஆறு மணி நேரம் ஓட்டுகிற வீட்டில் மொத்தமே 550 மணி நேரம்தான். அங்கே 3 ஸ்டாரே போதும். எட்டு மாதம் ஓட்டுகிறவர், கிளினிக் வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர் 5 ஸ்டார் வாங்க வேண்டும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்களின் கட்டணமும் மாறிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு 5 ஸ்டாரின் மதிப்பு லேபிள் கணக்கைவிட அதிகம்.

படி 3: மலையில் என்றால்

கடையில் 'ஹாட் அண்ட் கோல்டு' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அங்கேயே ஒரு கேள்வி கேளுங்கள்: சூடு கம்ப்ரசரில் வருகிறதா, உள்ளே ஹீட்டர் காயில் இருக்கிறதா? சில மாடல்களில் இன்டோருக்குள் (அறைக்குள் மாட்டும் பெட்டி) கம்பிச்சுருளை வைத்திருப்பார்கள். அது ரூம் ஹீட்டர்தான், சிஓபி 1. கேட்லாக்கில் ஹீட்டிங் திறன் எத்தனை கிலோவாட், அதற்கு எடுக்கும் கரண்ட் எத்தனை கிலோவாட் என்று இரண்டும் இருக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து 3க்குப் பக்கத்தில் வந்தால் உண்மையான ஹீட் பம்ப். 1 வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஊட்டியில் 2 கிலோவாட் ரூம் ஹீட்டரை மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை ஓட்டினால் 10 யூனிட். அதே வெப்பத்தை ஹீட் பம்ப் 3.5 முதல் 5 யூனிட்டில் தரும். உறைபனி விழும் தை மாத ராத்திரியில் 5 என்று வையுங்கள், மழைக்காலத்தில் 3.5.

மலையில் பலரும் கவனிக்காத விஷயம் உயரம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் காயில் மேல் போகும் காற்றின் எடை குறைவு, எனவே நகரும் வெப்பமும் குறைவு. கேட்லாக் எண் 7 டிகிரியில், சமவெளி அழுத்தத்தில் எடுத்தது. உறைநிலைக்குப் பக்கத்தில், ஊட்டி உயரத்தில் அந்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு அளவைத் தேர்ந்தெடுங்கள். வால்பாறை ஏறக்குறைய 1,050 மீட்டர்தான். அங்கே குளிரைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காயாமல், சுவர் பூசணம் பிடிக்கும் வீட்டில் ஈரத்தை எடுக்கும் டிரை மோடுதான் அதிகம் ஓடும்.

வெளியே 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வெளிக்காயிலில் பனி படியும். அப்போது மெஷின் சில நிமிடங்கள் தானாகவே திசையைத் திருப்பி அந்தப் பனியை உருக்கும். அந்த நேரம் உள்ளே காற்று நின்றுவிடும், வெளியே ஆவி பறக்கும், தண்ணீர் ஒழுகும். ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். ஆனால் அந்தத் தண்ணீர் போக வழி வேண்டும். அவுட்டோரை (வெளியே வைக்கும் பெட்டி) தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயர்த்தி வைத்து, அடித்தட்டில் டிரெயின் மூக்கு போட்டுக் குழாய் இழுங்கள். இதைச் செய்யாத இடங்களில் காலையில் நடைபாதை வழுக்கும். சூடான காற்று அறையின் மேல்பக்கமே தங்கும் என்பதால் காற்றைத் திருப்பும் ஃப்ளாப்பைக் கீழ்நோக்கி வையுங்கள்.

படி 4: பொருத்துவது

நல்ல மெஷின் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், எனவே நின்று பார்க்க வேண்டும்.

இடம்: அவுட்டோருக்குப் பின்னால் குறைந்தது 30 சென்டிமீட்டர், முன்னால் ஒரு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் டக்டுக்குள் நாலைந்து அவுட்டோர்களை அடுக்கினால், ஒன்றின் சூடான காற்றை இன்னொன்று உறிஞ்சும். 35 டிகிரிக் காற்றுக்குப் பதில் 45 டிகிரிக் காற்று போனால் குளிர்ச்சி பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்து, கரண்ட் இழுப்பு ஏறக்குறைய இருபது சதவீதம் கூடிவிடும். 5 ஸ்டார் வாங்கிய பணம் அங்கேயே போச்சு.

கரண்ட்: 1.5 டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 ஆம்ப் சி வகை எம்சிபி, தனி லைன், நல்ல எர்த். பழைய பிளக் பாயின்ட்டிலிருந்து இழுக்கக் கூடாது. இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம் என்பது அதன் வோல்டேஜ் எல்லைக்குள் மட்டும்தான். காங்கேயம், தாராபுரம் பக்கத் தோட்டத்து வீடுகளில் பம்ப்செட் எல்லாம் ஒரே நேரம் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டு மூன்று நாள் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பைப்: 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு. 1.5 டன்னுக்குப் பொதுவாகக் கால் இஞ்சும் அரை இஞ்சும் வரும். இரண்டு பைப்புக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் போட வேண்டும். சேர்த்துச் சுற்றினால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குப் போகும். பைப்பின் விரித்த முனையை (ஃப்ளேர்) இறுக்கும் ஃப்ளேர் நட்டை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல்லுங்கள்: கால் இஞ்சுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்கு 50 முதல் 60. கைக்கணக்கில் இறுக்கினால் ஃப்ளேர் வெடித்து ஆறு மாதத்தில் கேஸ் போகும். 'கேஸ் ஏத்தணும்ங்க' என்று ஆண்டுதோறும் வரும் செலவுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கேஸ் தானாகத் தீராது, ஒழுகினால்தான் தீரும். ஒழுகலை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது வீண்செலவு.

லீக் டெஸ்ட் நைட்ரஜனில் மட்டும். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வேலையை நிறுத்துங்கள். கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

வேக்கம் (பைப்பில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது): பம்ப் இல்லாமல் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. வேக்கம் பம்ப்பை அரை மணி நேரமாவது ஓட்டி, அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வேக்கத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் ஊசி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசர் சுருளை அரிக்கும். உடனே தெரியாது, மூன்றாம் ஆண்டில் தெரியும். ஏசி கேஸ்களில் ஆர் 32 மெதுவாகத் தீப்பிடிக்கும் வகை என்பதால் அறைக்குள் திறந்துவிடுவது ஆபத்தும்கூட. ஆர் 290 என்பது புரொபேன். அதைக் கையாளப் பயிற்சி இல்லாதவரைத் தொடவிடக் கூடாது.

டிரெயின்: மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. முடிந்ததும் இன்டோர் தட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

அன்றைக்கே ஓட்டிப் பார்க்கும்போது: பதினைந்து நிமிடம் கழித்து உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். ஹீட்டிங்கில் 15க்கு மேல். நான்கு வழி வால்வு திரும்பும்போது 'உஷ்' என்று சத்தம் கேட்கும். பின்னாளில் சூடும் வராமல் குளிரும் வராமல் பைப்புகளெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தால் வால்வு நடுவில் சிக்கியிருக்கலாம். குளிர் வருகிறது, சூடு மட்டும் வரவில்லை என்றால் முதலில் வால்வின் சிறு மின்காயிலை மல்டிமீட்டரில் சோதியுங்கள். பல நேரம் அதை மட்டும் மாற்றினால் முடிந்துவிடும், வால்வையே அறுத்து எடுக்க வேண்டியதில்லை.

நம்ம ஊர்த் தொல்லைகள்

திருப்பூர், பல்லடம், அவிநாசியில் பனியன் கம்பெனிக்கோ ஸ்பின்னிங் மில்லுக்கோ பக்கத்தில் இருந்தால், பஞ்சுத் தூசு வெளிக்காயிலில் கம்பளிபோல் படியும். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள். வெளிக்காயிலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் துடைத்து, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷர் வைத்தால் தகடு மடங்கிக் காற்றே போகாது. நாமக்கல் கோழிப்பண்ணைப் பக்கம் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். காற்று வரும் திசைக்கு மறுபக்கம் அவுட்டோரை வைப்பதும், பூச்சு போட்ட காயில் உள்ள மாடலைக் கேட்பதும்தான் வழி.

சமவெளியில் ஹீட் பம்ப்: வெந்நீர்

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுபோக 2,500 கிலோ கலோரி வேண்டும். 860 கிலோ கலோரி ஒரு யூனிட். ஆக, கெய்சரில் 2.9 யூனிட். நம்ம ஊர் வெயிலில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரின் சிஓபி 3ஐ எளிதாகத் தாண்டும், எனவே ஒரு யூனிட்டுக்குள் முடியும்.

இருந்தாலும் சொந்த மொட்டை மாடி உள்ள வீட்டுக்கு முதல் தேர்வு சோலார் வாட்டர் ஹீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் உள்ளே இருக்கும் மின்சார ஹீட்டரைப் போட்டுக்கொள்ளலாம். ஹீட் பம்ப் பணத்தைத் திருப்பித் தருவது ஆண்டு முழுக்க தினமும் நிறைய வெந்நீர் செலவாகும் இடங்களில்: லாட்ஜ், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி. நாளுக்கு 2,000 லிட்டர் செலவாகும் ஒரு லாட்ஜில் கெய்சர்கள் 58 யூனிட் எடுக்கும் வேலையை ஹீட் பம்ப் 18 யூனிட்டில் முடிக்கும். முகூர்த்த நாளில் மட்டும் தேவைப்படும் கல்யாண மண்டபத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சாயப்பட்டறைக்கு நீராவி வேண்டும். சாதாரண ஹீட் பம்ப் 60, 65 டிகிரியோடு நிற்கும், பாய்லருக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கத்தான் உதவும்.

ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரின் ஃபேன் குளிர்ந்த காற்றை வெளியே விடும். ஹோட்டல் அடுப்படிப் பக்கம் வைத்தால் அங்கே உள்ள சூட்டையே எடுத்துத் தண்ணீரில் போடும், சமையல்காரருக்கும் ஆறுதல். மூடிய சின்ன அறைக்குள் வைத்தால் அதே குளிர்ந்த காற்றையே சுற்றிச் சுற்றி இழுத்து சிஓபி விழுந்துவிடும்.

தண்ணீர்தான் முக்கியம். சிறுவாணித் தண்ணீர் என்றால் கவலை இல்லை. போர் தண்ணீர் என்றால் உப்பு படியும். காயில் தண்ணீருக்குள் முங்கியிருக்கும் மாடலில் அந்த உப்பு வெப்பம் கடப்பதைத் தடுத்து, இரண்டே ஆண்டில் கரண்ட் இழுப்பை ஏற்றிவிடும். காயில் டேங்குக்கு வெளியே சுற்றியிருக்கும் மாடலை வாங்கி, முன்னால் சாஃப்ட்னர் போடுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் காக்க அதற்குள் உள்ள மெக்னீசியக் கம்பியை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். சாஃப்ட்னர் தண்ணீரில் அது இன்னும் வேகமாகக் கரையும். விரல் தடிமன் பென்சில் தடிமனானால் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றினால் டேங்கில் கிருமி வளராது. பெரும்பாலான மாடல்களில் இதைத் தானாகச் செய்யும் செட்டிங் இருக்கும், பொருத்தும் நாளிலேயே ஆன் செய்யச் சொல்லுங்கள்.